கூட்டாளியின் தவறு: ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மன்னிப்பதும் மறக்காததும்

மருத்துவத்துறை ஆட்களைப் பற்றி வெளியில் ஒரு பேச்சு உண்டு. "ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க, என்ன தப்பு நடந்தாலும் மூடி மறைச்சிடுவாங்க." உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் நேர் எதிரான குறை வரும். "எங்க ஆளுங்களே எங்களைக் கொத்தித் தின்னுடுவாங்க. சின்னதா ஒரு பிசகு நடந்தா போதும், அடுத்த ஷிஃப்ட்டுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

கொஞ்ச நாளாக அவசர மருத்துவ ஊழியர்களின் தவறுகள் பற்றிய ஆய்வுகளையும், விசாரணை அறிக்கைகளையும், வழக்கு விவரங்களையும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்தவரைக்கும் இந்த இரண்டு பேச்சுமே உண்மைதான் என்று தோன்றுகிறது. எந்தத் தவறுக்கு மன்னிப்பு, எந்தத் தவறுக்குத் தீர்ப்பு என்று அவர்களுக்குள் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் நிறைய நியாயம் இருக்கிறது, ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக விழுகிறவர் நோயாளி. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

விசுவாசம் எங்கிருந்து வருகிறது?

மருத்துவமனையில் வேலை செய்கிற டாக்டருக்கு மேலே ஒரு டாக்டர், பக்கத்தில் நர்ஸ், கீழ்த்தளத்தில் லேப், எக்ஸ்ரே என்று சுற்றிலும் ஆட்கள். ஆம்புலன்ஸில் பெரும்பாலும் இரண்டே பேர். நம்ம ஊர் 108 வண்டியையே எடுத்துக்குங்க. ஓட்டுபவரை 'பைலட்' என்பார்கள், பின்னால் இருப்பவர் இ.எம்.டி. அவ்வளவுதான் மொத்தப் படையும். அமெரிக்காவில் பல நகரங்களில் ஆம்புலன்ஸ் சேவை தீயணைப்புத் துறையோடு சேர்ந்தது. 24 மணி நேர ஷிஃப்ட், ஒரே ஸ்டேஷனில் சமையல், சாப்பாடு, தூக்கம். மாடிப்படியில் ஸ்ட்ரெச்சரின் இன்னொரு முனையைப் பிடித்திருப்பவன் கையை விட்டால் உங்கள் முதுகு போய்விடும். போதையில் ஒருத்தன் கத்தியை எடுத்தால் உங்களைக் காப்பாற்றப்போவதும் அவன்தான். ஆகவே இந்த வேலையில் கூட்டாளி மேல் நம்பிக்கை என்பது வேலைக்கான கருவி மாதிரி. அது இல்லாமல் வண்டியை எடுக்கவே முடியாது.

இரண்டாவது காரணம், அங்கே நடப்பதை வேறு யாரும் பார்ப்பதில்லை. வண்டிக் கதவு மூடிவிட்டால் சாட்சி என்று இருப்பது கூட்டாளி ஒருவர்தான். நோயாளி பல நேரம் நினைவில்லாமல் இருப்பார். நாடித்துடிப்பு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன மருந்து என்ற பதிவை எழுதுவதும் அவர்களே. கூட்டாளி வாய் திறக்காவிட்டால் அந்தத் தவறு நடந்ததற்கான தடயமே இருக்காது.

மூன்றாவது காரணத்தை 1951-லேயே எவரெட் ஹ்யூஸ் என்ற சமூகவியலாளர் எழுதிவிட்டார். வேலையில் நடக்கும் தவறுகள் பற்றிய அவருடைய கட்டுரை இன்றைக்குப் படித்தாலும் பொருந்துகிறது. ஆபத்தான வேலை செய்பவர்கள் தவறின் ஆபத்தையும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்னிக்கு அவன், நாளைக்கு நான். தவறு எது, தவறில்லாத துரதிர்ஷ்டம் எது என்பதை அந்த வேலையைச் செய்பவன் மட்டும்தான் சொல்ல முடியும் என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறக்கிறது. வெளியாள் தீர்ப்பு சொல்ல வந்தால் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதும் இதனால்தான்.

எழுதப்படாத சட்டம்

இந்தச் சட்டத்தை மிகத் தெளிவாக விளக்கியவர் சார்ல்ஸ் பாஸ்க். அமெரிக்காவில் ஒரு பயிற்சி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கூடவே இருந்து கவனித்து, 1979-ல் 'ஃபர்கிவ் அண்ட் ரிமெம்பர்' என்ற புத்தகத்தை எழுதினார். 'மன்னித்துவிடு, ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்' என்பதுதான் தலைப்பின் பொருள். அவர் பார்த்தது சர்ஜன்களை. ஆனால் அவருடைய வகைப்பாட்டை ஆம்புலன்ஸுக்கு அப்படியே கொண்டுவரலாம்.

முதல் வகை, கைத்திறன் தவறு. நரம்பில் ஊசி ஏறவில்லை, இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது, முடிவெடுப்பதில் தவறு. பக்கத்து மருத்துவமனைக்குப் போவதா, வசதியுள்ள தூரத்து மருத்துவமனைக்குப் போவதா என்பதில் தவறான பக்கம் சாய்வது. இந்த இரண்டையும் மூத்தவர்கள் மன்னிப்பார்கள். ஒரே நிபந்தனை, உடனே சொல்லிவிட வேண்டும், திரும்பத் திரும்ப நடக்கக் கூடாது.

மூன்றாவது வகைதான் முக்கியம். அது நெறி மீறல். ரத்த அழுத்தம் பார்க்காமலே பார்த்த மாதிரி எழுதுவது, கூப்பிட்டால் வராமல் இருப்பது, நடந்ததை மறைப்பது. இதற்கு மன்னிப்பே கிடையாது. நோயாளிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கிடையாது. கை தவறியவனுக்குக் கற்றுக்கொடுக்கலாம், பொய் சொல்பவனோடு எப்படி வேலை செய்வது? அடுத்த முறை அவன் "பி.பி. நார்மல்" என்று சொன்னால் அதை நம்பி எப்படி மருந்து போடுவது? (நான்காவதாக ஒன்றும் உண்டு, அந்தந்தப் பெரிய டாக்டரின் தனி விருப்பங்களை மீறுவது. அது நமக்கு இங்கே தேவையில்லை.)

முதல் தடவை படித்தபோது எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. வெளியில் நாம் நினைப்பதுபோல் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதில்லை, நேர்மைக்கு முதல் இடம் கொடுக்கிறார்கள் இல்லையா? ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு சங்கடம் தெரிந்தது. இந்தச் சட்டம் அளப்பது தவறு செய்த ஆளின் குணத்தை. "அவன் நல்ல வேலைக்காரன், நேர்மையானவன்" என்று தீர்ப்பாகிவிட்டால் வழக்கு முடிந்தது. நல்ல வேலைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, பத்து வருடமாக ஒரே தவறை நேர்மையாகச் செய்துகொண்டிருந்தால்? அதைப் பிடிக்க இந்தச் சட்டத்தில் பிரிவே இல்லை. கற்பனையாகச் சொல்லவில்லை, அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

எண்ணிப் பார்த்தபோது

மூச்சு நின்ற நோயாளிக்கு வாய் வழியாகக் குழாய் போடுவது பாராமெடிக்கின் வேலைகளிலேயே கடினமானது. குழாய் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். கொஞ்சம் தவறினால் உணவுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது நீங்கள் அழுத்துகிற காற்றெல்லாம் வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது. உடனே கண்டுபிடித்து வெளியே எடுத்துவிட்டால் பெரிய பாதிப்பு இல்லை. கண்டுபிடிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் மரணம்.

2001-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில் காட்ஸ், ஃபாக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆம்புலன்ஸில் குழாய் போடப்பட்டு வந்த 108 நோயாளிகளை (எண் தற்செயல்தான்!) மருத்துவமனை வாசலிலேயே பரிசோதித்தார்கள். 27 பேருக்குக் குழாய் தப்பான இடத்தில் இருந்தது. அதாவது நான்கில் ஒருவர். அதில் 18 பேருக்கு உணவுக்குழாயில்.

இதில் யோசிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 27 குழாயையும் போட்டவர்கள் சரியாகப் போட்டுவிட்டோம் என்று நம்பித்தான் வந்தார்கள். பொய் சொல்லவில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருப்பார்கள், சத்தம் கேட்ட மாதிரி இருந்திருக்கும். அப்புறம் யாராவது தப்பு என்று சொன்னாலும் கூட்டாளிக்குக் கைவசம் ஒரு விளக்கம் இருக்கிறது: "ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது குழாய் நகர்ந்திருக்கும்." சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். இந்த விளக்கம் கருணையானது, யாரையும் நோகடிக்காது. ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். 108 பேரை வரிசையாக எண்ணிப் பார்த்தபோதுதான் அந்தக் கருணைக்கு என்ன விலை என்று தெரிந்தது.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். நோயாளி வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று தொடர்ந்து காட்டும் கருவி ஒன்று உண்டு, கேப்னோகிராஃப். உணவுக்குழாயிலிருந்து கரியமில வாயு தொடர்ந்து வராது, அதனால் குழாய் தப்பினால் திரையில் கோடு படுத்துவிடும். அதே பகுதியில் 153 நோயாளிகளை வைத்து 2005-ல் இன்னொரு ஆய்வு வந்தது. கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களிடம் கவனிக்காமல் விட்ட தவறான குழாய் ஒன்றுகூட இல்லை. பயன்படுத்தாதவர்களிடம் 23.3 சதவீதம்.

ஆள் அதே ஆள், கை அதே கை. யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. விசுவாசமும் தீர்ப்பும் இரண்டுமே 'ஆள் எப்படி?' என்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் 'குழாய் எங்கே?' என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான்.

கூட்டாளி சொன்னதை நம்புவது

தவறு நடந்த பிறகு காப்பாற்றுவது ஒரு வகை விசுவாசம். தவறு நடந்துகொண்டிருக்கும்போதே வேலை செய்கிற இன்னொரு வகை உண்டு: முன்னால் பார்த்தவர் சொன்னதை அப்படியே நம்புவது. இதற்கு வாஷிங்டனில் நடந்த ஒரு மரணத்தை உதாரணமாகச் சொல்லலாம்.

டேவிட் ரோசன்பாம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் நீண்ட காலம் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். வயது 63. 2006 ஜனவரி 6-ம் தேதி இரவு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது இருவர் குழாயால் தலையில் அடித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அக்கம்பக்கத்தவர் பார்த்து 911-க்கு அழைத்தார்கள். முதலில் வந்த தீயணைப்பு வண்டி ஊழியர்கள் அவர் குடித்திருக்கிறார் என்று முடிவுசெய்தார்கள். வாந்தி எடுத்திருந்தார், பேச்சு வரவில்லை, மதுவாடை இருந்ததாக நினைத்தார்கள். அந்த ஒரு வார்த்தை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் போயிற்று. போலீசுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. யாரும் தலையைத் தடவிப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வழி தவறித் தாமதமாக வந்தது. பக்கத்தில் இருந்த மருத்துவமனையை விட்டுவிட்டுத் தூரத்து மருத்துவமனைக்குப் போனது. அந்த ஊழியருக்கு அந்தப் பக்கம் சொந்த வேலை இருந்தது என்பது பின்னால் விசாரணையில் தெரிந்தது. மருத்துவமனையில் 'குடிபோதை' என்ற வகையில் நடைபாதையில் கிடத்தப்பட்டார். மண்டைக்குள் ரத்தக்கசிவு என்று யாராவது கவனிப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஜனவரி 8-ம் தேதி இறந்தார்.

நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அந்த வருடம் ஜூனில் வெளியிட்ட அறிக்கை, ஒருவர் விடாமல் சங்கிலியில் இருந்த எல்லாரிடமும் குறை கண்டது. அந்தச் சங்கிலியில் சொந்த வேலைக்காக மருத்துவமனையை மாற்றியது தெளிவான நெறி மீறல். பாஸ்க்கின் சர்ஜன்களிடம் கேட்டாலும் மன்னிக்க மாட்டார்கள். மற்ற பலரும் செய்தது என்ன? முன்னால் பார்த்த சக ஊழியரை நம்பினார்கள். சாதாரண நாளில் இது பாராட்டப்படும் குணம். ஒவ்வொரு கையிலும் நோயாளியை முதலிலிருந்து பரிசோதித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆனால் இங்கே கைமாறியது ஒரு பரிசோதனை முடிவு கிடையாது, ஒரு மனிதர் மீதான தீர்ப்பு. "குடிகாரன்" என்று ஒருவர் சொன்னதும் அடுத்தவர் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டது. சக ஊழியர் மீது காட்டாத சந்தேகம் முழுவதும் நோயாளி மீது போய் விழுந்தது. மது குடித்தவருக்கும் மண்டை உடையலாம் என்பது எல்லாருக்கும் பாடத்தில் சொல்லிக்கொடுத்த விஷயம்தான்.

ரோசன்பாம் குடும்பம் செய்ததையும் சொல்ல வேண்டும். நகரத்தின் மீது 2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். பிறகு, அவசர மருத்துவ சேவையைச் சீரமைக்க ஒரு குழு அமைத்தால் பணமே வேண்டாம் என்றார்கள். நகரம் ஒப்புக்கொண்டது, குழு அமைந்தது. தனி ஆட்களின் தலையை உருட்டுவதைவிட அடுத்து வரப்போகும் நோயாளி முக்கியம் என்று, பாதிக்கப்பட்டவர்களே முடிவெடுத்த அபூர்வமான வழக்கு இது.

நம் தீர்ப்பும் சுத்தமானது இல்லை

இதையெல்லாம் படிக்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கும். "ஒரு நிமிஷம் தலையைப் பார்க்கத் தெரியாதா?" ஆனால் முடிவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கேப்லான் என்பவரும் சகாக்களும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இது. மயக்க மருந்து நிபுணர்கள் 112 பேரிடம் 21 சம்பவக் குறிப்புகளைக் கொடுத்து, சிகிச்சை சரியான தரத்தில் இருந்ததா என்று கேட்டார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வடிவம். நடந்தது எல்லாம் ஒன்றே, கடைசி வரி மட்டும் வேறு. ஒன்றில் நோயாளிக்குத் தற்காலிக பாதிப்பு, இன்னொன்றில் நிரந்தர பாதிப்பு. நிரந்தர பாதிப்பு என்று எழுதியிருந்தபோது "சிகிச்சை சரிதான்" என்ற தீர்ப்பு 31 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மருத்துவர் செய்தது அதே காரியம். தீர்ப்பு சொன்னவர்களும் அதே தொழிலில் ஊறிய நிபுணர்கள்.

இதன் இன்னொரு பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. முடிவு மோசமானால் தீர்ப்பு கடுமையாகிறது என்றால், முடிவு நல்லதாக அமைந்தால் தீர்ப்பு இளகுகிறது என்றுதானே அர்த்தம்? நோயாளி பிழைத்துவிட்டால், தலையைப் பார்க்காமல் விட்டதெல்லாம் பேச்சே இல்லாமல் போய்விடும். ரோசன்பாமுக்கு முன்னால் 'குடிகாரன்' என்று முத்திரை குத்தப்பட்டு, அதிர்ஷ்டத்தால் பிழைத்த எத்தனை பேருக்காக யாரும் விசாரணை வைக்கவில்லையோ! ஒரு கெட்ட பழக்கத்தை இலவசமாகப் பிடிக்கக்கூடிய நேரம் அதுதான். அந்த நேரத்தில்தான் கூட்டாளியிடம் பேசுவது ரொம்ப அசௌகரியமாகவும் இருக்கும். "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுப்பா."

நீதிமன்றம் உள்ளே வந்தால்

2017 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரடாண்டா வாட் என்ற நர்ஸ், பதற்றம் தணிக்கும் மிடஸோலம் கொடுக்க வேண்டிய 75 வயதுப் பெண்ணுக்கு, தசைகளை முடக்கும் வெக்குரோனியம் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டார். மருந்து அலமாரி இயந்திரத்தில் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டி, எச்சரிக்கைகளைத் தாண்டி எடுத்தது. நோயாளி இறந்துவிட்டார். வாட் தன் தவறை அன்றைக்கே ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அந்த மரணத்தை இயற்கை மரணம் போலப் போகவிட்டது. பெயர் சொல்லாத ஒரு தகவல் மூலம் 2018-ல்தான் அரசு அமைப்புகளுக்கு விஷயம் தெரிந்தது. 2022-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. மருத்துவமனை மீது குற்ற வழக்கு கிடையாது.

நாடெங்கும் நர்ஸ்கள் வாட் பக்கம் நின்றார்கள். எச்சரிக்கைகளை இத்தனை முறை தாண்டியது சாதாரணத் தவறில்லை என்று சொன்ன நர்ஸ்களும் இருந்தார்கள். என் கருத்து: இங்கே சக ஊழியர்களின் பயம் நியாயமானது. உடனே சொன்னவர் குற்றவாளிக் கூண்டில், சொல்லாமல் விட்ட நிறுவனம் வெளியில். இதைப் பார்க்கும் அடுத்த நர்ஸ் என்ன கற்றுக்கொள்வார்?

இன்னொரு வழக்கு எனக்கு இவ்வளவு சுலபமாக இல்லை. 2019 ஆகஸ்ட் 24, கொலராடோ மாநிலத்தின் ஆரோரா. எலைஜா மெக்ளெய்ன், 23 வயது கறுப்பின இளைஞர், எந்தக் குற்றமும் செய்யாதவர். சந்தேகப்படும்படி இருக்கிறார் என்று யாரோ போன் செய்ய, போலீஸ் பிடித்துக் கழுத்தை நெருக்கி, விலங்கு மாட்டித் தரையில் அழுத்தியது. மூச்சு விட முடியவில்லை என்று சொன்னார், வாந்தி எடுத்தார். பிறகு வந்த பாராமெடிக்குகள் 'வெறிநிலை' என்ற முடிவுக்கு வந்து 500 மில்லிகிராம் கெட்டமைன் போட்டார்கள். அவர் எடை சுமார் 65 கிலோ. அங்கிருந்த விதிப்படி கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது 325-தான் வரும். ஊசி போடுவதற்கு முன் அவர்கள் அவரைத் தொட்டுப் பரிசோதிக்கவில்லை, அவரிடம் பேசவில்லை என்பது குற்றச்சாட்டு. சில நாளில் அவர் இறந்தார். 2023 டிசம்பரில் இரண்டு பாராமெடிக்குகளும் குற்றவாளிகள் என ஜூரி தீர்ப்பளித்தது. வழக்கில் இருந்த மூன்று போலீஸ்காரர்களில் ஒருவர் மட்டுமே குற்றவாளி.

தீயணைப்பு ஊழியர் சங்கம் கொதித்தது. நொடிப்பொழுதில் எடுக்கும் மருத்துவ முடிவைக் குற்றமாக்கினால் இந்த வேலைக்கு யார் வருவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த 'வெறிநிலை' என்ற நோய்க்கணிப்பைக் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய துறை. அதற்குத் துணைநின்ற 2009-ம் வருட ஆவணத்தை அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியே 2023 அக்டோபரில்தான் விலக்கிக்கொண்டது. பாடம் சொன்னவர்கள் எல்லாம் வெளியில், படித்தவர்கள் மட்டும் கூண்டில்.

ஆனால் மீதிப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. நாடி பார்ப்பதும், மூச்சைக் கவனிப்பதும், "தம்பி, பேர் என்ன?" என்று கேட்பதும் நொடிப்பொழுது முடிவுகள் கிடையாது. முதல் நாள் வகுப்பில் சொல்லித் தரும் விஷயங்கள். வாஷிங்டனில் நடந்ததேதான் இங்கேயும்: முன்னால் இருந்த சீருடைக்காரர் சொன்னதை நம்பினார்கள், தரையில் கிடந்தவர் சொன்னதைக் கேட்கவில்லை. இதைத் "தொழிலில் சகஜம்" என்று சங்கம் சொல்லும்போது, தவறு செய்யாமல் ஒழுங்காக நாடி பார்க்கும் ஆயிரக்கணக்கான பாராமெடிக்குகளையும் சேர்த்தல்லவா அது கீழே இறக்குகிறது?

வேறு எப்படித்தான் செய்வது?

'நியாயமான பண்பாடு' என்று ஒரு சிந்தனை இருக்கிறது. டேவிட் மார்க்ஸ் என்பவர் 2001-ல் மருத்துவத்துறைக்காக எளிமையாக எழுதினார். கை தவறினால் ஆறுதல் சொல்லு, அமைப்பைச் சரிசெய். ஆபத்து என்று உணராமல் குறுக்குவழியில் போனால் எடுத்துச் சொல்லித் திருத்து. ஆபத்து என்று தெரிந்தே துணிந்தால் தண்டி. நல்ல வாய்ப்பாடுதான். ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கோடு போடுவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கோடு போடுபவர் கூட்டாளி என்றால் இரண்டாவது பக்கம் தள்ளுவார், இறந்தவரின் அம்மா என்றால் மூன்றாவது பக்கம் தள்ளுவார்.

விமானத்துறையில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1974 டிசம்பர் 1-ம் தேதி டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டனை நெருங்கும்போது ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தரைக்கட்டுப்பாட்டு அனுமதியைப் புரிந்துகொண்டதில் வந்த குழப்பம். சுமார் ஆறு வாரங்களுக்கு முன்னால் யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் அந்தத் தகவலைத் தன் விமானிகளுக்கு எல்லாம் சொல்லி எச்சரித்தது. தன் விமானிகளுக்கு மட்டும். உள்ளுக்குள் விசுவாசம் நன்றாகவே வேலை செய்தது, மலையில் மோதியது பக்கத்து வீட்டு விமானம்.

அதற்குப் பிறகுதான் 1976-ல் விமானிகள் பயமில்லாமல் தவறுகளைச் சொல்ல ஓர் ஏற்பாடு வந்தது. அதை நடத்தும் பொறுப்பு நாசாவிடம் கொடுக்கப்பட்டது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நாசாவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பிரிப்புதான். கற்றுக்கொள்ளும் இடம் வேறு, தண்டிக்கும் இடம் வேறு. அமெரிக்க ஆம்புலன்ஸ் சேவைகளுக்கும் பெயர் சொல்லாமல் தெரிவிக்கும் இப்படியான ஏற்பாடு பின்னாளில் வந்தது.

தவறு செய்தவரின் மனநிலை பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்பர்ட் வு என்ற மருத்துவர் 2000-ல் அவர்களை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். தூக்கம் போய், தன்னம்பிக்கை போய், சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2019-ல் நோயாளிகளின் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்தச் சொல்லைக் கைவிடச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு மறைந்துபோகிறது என்பது அவர்கள் மனக்குறை. இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. உடைந்துபோன கூட்டாளிக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறு, நடந்ததைப் பதிவில் மாற்றி எழுதுவது வேறு. முதலாவதைச் செய்வதற்கு இரண்டாவது தேவையே இல்லை. பல ஸ்டேஷன்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக்கிடப்பதுதான் சிக்கல்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஆம்புலன்ஸில் இரண்டாவது ஆள் இருப்பதற்கு ஸ்ட்ரெச்சர் தூக்குவதைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறதென்றால், அது இதுதான். "கோடு படுத்திருக்கு பாரு, குழாயை எடு." "குடிச்சிருக்கார்னு யார் சொன்னது? தலையைப் பார்த்தியா?" இப்படி நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லக்கூடிய கூட்டாளி இருந்தால், பிறகு மன்னிக்கவோ தண்டிக்கவோ வேண்டிய தேவை பல நேரம் வராது. அப்படிச் சொல்வதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாத கூட்டாளியும் வேண்டும். இரண்டாவது ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.